சித்தி எழுதிய ஐந்தாம் வகுப்புப் பரீட்சை

பெரிய பள்ளியில் ரிசல்ட் கூட்டம் என்றாலே டீச்சருக்குக் கொட்டாவி வந்துவிடும். திரையில் வண்ண வண்ணக் கோடுகள் ஏறும், இறங்கும். அன்றைக்கு ஏதோ ஒரு பிரிவு அரை சதவீதம் சறுக்கிவிட்டதாம். தலைமையாசிரியர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க சர்வீஸ்ல இப்படி ஒரு சரிவு பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"நூறுல இருந்து பூஜ்யத்துக்கே வந்திருக்கேன் சார். ஒரே வருஷத்துல."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரின் மனசு அதற்குள் அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கு ஓடிவிட்டது. 

ஓர் அறை, ஒரு டீச்சர், ஐந்து வகுப்பு. சுவருக்கு ஒன்றாக நான்கு வகுப்பும் ஒட்டிக்கொள்ள, ஐந்தாவதுக்குச் சுவர் இல்லாமல் அது நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். மழை பிடித்துவிட்டால் பெற்றோரோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், மண் காய்ந்ததும் வருவார்கள். வந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். இந்த லட்சணத்தில் மேலிடத்துக்கு வகுப்புவாரியாகத் தேர்ச்சி சதவீதம் வேறு அனுப்ப வேண்டும்.

இருக்கிறவர்களுக்குள்ளும் ஏகப்பட்ட உறவுமுறை. ஐந்தாவதில் இருந்த தடியன் ஒருவன், மூன்றாவதில் இருந்த பொடிசு ஒன்றைச் சித்தி என்று கூப்பிடுவான். கேலி இல்லை, நிஜமாகவே அவன் அம்மாவின் கடைசித் தங்கை அவள். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடமே அவளைச் சித்தியாக்கிவிட்டது. டீச்சர் வாயிலும் அதுதான் வந்தது. மூன்றாம் வகுப்பு முழுவதும் சித்தி ஒருத்திதான். அவள் தேறினால் வகுப்பு நூறு சதவீதம், போன வருடம் இரண்டாவதில் அவள் வாங்கித் தந்தது மாதிரி.

நடுவில் ஐந்தாவதைக் கேட்கும் கேள்விக்குச் சுவரோரத்திலிருந்து சித்தியின் பதில் வரும். அக்கா மகன் திருதிருவென்று முழிப்பதைச் சித்தியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "ஏன்டா, போன வாரம்தான சொல்லிக் குடுத்தாங்க!" என்று எகிறுவாள். அவனும் "சரி சித்தி" என்று தலையைக் குனிந்துகொள்வான்.

அந்த வருடம் முழுப் பரீட்சையை நடத்த வெளியிலிருந்தே ஓர் அதிகாரி வந்தார். அவரே ஒவ்வொரு வகுப்புக்கும் கேள்விகளை உரக்கப் படித்தார். பிள்ளைகள் எழுதினார்கள். அவரே தாள்களை எடுத்துக்கொண்டு போய்த் திருத்தி அனுப்பினார். அக்கா மகன் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தான். மூன்றாம் வகுப்புக்குப் பூஜ்யம்.

டீச்சர் அவசரமாகச் சித்தியின் தாளை எடுத்தார். தாளைப் புரட்டிப் பார்த்தால், சித்தி தன் கேள்வி ஒன்றைக்கூடத் தொடவில்லை. எழுதியிருந்ததெல்லாம் ஐந்தாவதுக்குப் படித்த கேள்விகளுக்கான விடைகள். ஒன்றிரண்டைத் தவிர அத்தனையும் சரி.

"கவனத்தை எங்கடி வச்சிருந்த? உன் கேள்வி எது, அவன் கேள்வி எதுன்னு தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சேதான் எழுதினியா?"

சித்தி காலால் தரையைச் சுரண்டினாள். "அவன் பாஸானா பெரிய ஸ்கூலுக்குப் போயிடுவான். இப்ப அவன்தான் என்னக் கூட்டிட்டு வர்றான். லாரி ரோட்டுல என்னத் தனியா விட மாட்டாங்களாம். அவன் போனா நீயும் நின்னுக்கன்னு அப்பா சொல்லிட்டாரு. அதான், நானும் அஞ்சாவது பாஸ் பண்ணிட்டா அவன்கூடவே போயிடலாமேன்னு..."

 பிள்ளை படிப்பை விட்டுவிடாமல் இருக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே அவளையும் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போனார். சித்தியின் அப்பா ஒன்றும் பொல்லாதவர் இல்லை. மண் பிசைந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"படிக்க வைக்கக் கூடாதுன்னு இல்லம்மா. அந்த ரோட்டுல லாரி வர்ற வேகம் உங்களுக்கே தெரியும். நாங்க விடியறதுக்குள்ள மண்ணுல இறங்கிடுறோம். யாரு கொண்டுவந்து விடறது?"

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே டீச்சருக்கு உறைத்தது. அவர் வரும் பஸ் பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கும். சூளையோ அதற்கு நேர் எதிர்த் திசையில், நல்ல தூரம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சித்தி லேசில் விடுகிற ஆளில்லை. "தெனமுமா டீச்சர்?"

"தெனமும்தான்."

"மழை பெஞ்சா?"

"குடை இருக்கு."

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா?"

"அன்னைக்கு ஸ்கூலே இல்லடி. போதுமா?"

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் சம்மதம்.

மறுபரீட்சைக்கு அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாட வேண்டியிருந்தது. பிள்ளையை மேலே ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த வருடக் கணக்கில் பூஜ்யம் பூஜ்யம்தான் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டீச்சர். தன் வகுப்புக் கேள்விகளைச் சித்தி மளமளவென்று எழுதி முடித்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று ஏமாற்றத்தோடு தாளை நீட்டினாள்.

பள்ளி திறக்கிற நாள் வந்தது. டீச்சர் முதல் பஸ்ஸைப் பிடித்து, மூச்சு வாங்க நடந்து சூளைக்குப் போய்ச் சேர்ந்தார். தலை வாரி, பையோடு சித்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் சில பிள்ளைகள். ஒன்றின் கையில்கூடப் பையில்லை. எல்லாருக்கும் முகத்தை மட்டும் அழுத்தித் துடைத்து விட்டிருந்தார்கள். கழுத்தில் செம்மண் அப்படியே இருந்தது.

"இது என் அண்ணன் பிள்ளைங்க, ரெண்டு பேரும். இவ பக்கத்துக் குடிசை. இது அவளோட தம்பி, மூக்கு ஒழுகும். டீச்சரே வந்து கூட்டிட்டுப் போறாங்கன்னா இதுங்களும் வரட்டும்னு சொல்லிட்டாங்க."

டீச்சர் திகைத்துப் போனார். இத்தனை வருடமும் புதிதாகச் சேர ஊரில் பிள்ளையே இல்லை என்றுதான் அவர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். நம்பித்தான் எழுதினார்.

"இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க எல்லாரும்?"

"இங்கதான் டீச்சர் இருந்தாங்க," என்றாள் சித்தி. "யாரும் கூப்பிட வரல."

 மூக்கு ஒழுகுகிறவனை டீச்சர் முந்தானையால் துடைத்துவிட்டு, ஒரு கையில் அவனையும் மறு கையில் சித்தியையும் பிடித்துக்கொண்டு லாரி ரோட்டில் இறங்கினார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.