கடைசி ரீல் வராத ஆட்டம்

சட்டைக் கையில் இன்னும் ஒரு சுருக்கம் பாக்கி இருந்தது. மகள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். சினிமா தியேட்டரின் மிஷின் ரூமில் முப்பத்தாறு வருடம் பனியனோடு நின்ற ஆபரேட்டருக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று அப்பா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். இன்றைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள்ளட்டும்.

காலையில் இன்னொரு டம்ளர் காபி கேட்டார். அம்மா கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார். எழுபத்து நாலு வயது, ஒரு நாள் கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. நல்ல சாவு என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மகளுக்கும் அப்படித்தான் பட்டது. அழுகை மட்டும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

சிக்கல் பெரிய மாமா ரூபத்தில் வந்தது. அம்மாவின் அண்ணன். கக்கத்தில் பிரார்த்தனைப் புத்தகம்.

“ரெண்டே ரெண்டு பக்கம்மா. அவர் பேரைச் சொல்லி வாசிச்சுட்டா முடிஞ்சுது.”

அம்மா அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். “வேண்டாண்ணா. அவருக்காக யாரும் பிரார்த்தனை பண்ணக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்கார்.”

“அது ஏதோ விளையாட்டாச் சொன்னது…”

“விளையாட்டில்ல. கல்யாணத்தன்னிக்குச் சொன்னது. ‘உன் சாமியை நான் தொந்தரவு பண்ண மாட்டேன், நீயும் உன் சாமிகிட்ட என்னைப் பத்திப் பேசக் கூடாது’ன்னார்.”

அப்பாவுக்குக் கடவுளே கிடையாது. அம்மாவுக்குக் கடவுள் இல்லாமல் பொழுது விடியாது. நாற்பத்தோரு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அவர்கள் சண்டை போட்டதெல்லாம் மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதற்குத்தான்.

மாமா குரலைத் தாழ்த்தினார். “யாருக்குப் பேர் சொல்லி வாசிக்கலியோ அவங்க அந்தப் பக்கம் வந்து சேர மாட்டாங்க, உனக்கே தெரியும். நாளைக்கு நீ அங்க போய் யாரைத் தேடுவ?”

அம்மா கைக்குட்டையை முறுக்கினாள். மகளுக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. வாக்குக் கேட்கிற நேரத்தில் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா இந்த மனுஷர்? அம்மா அதை உண்மையாகவே நம்புகிறவள். வாக்கைக் காப்பாற்றினால் இனி அவரைப் பார்க்க முடியாது. மீறினால் எந்த முகத்தோடு பார்ப்பது?

அந்த நேரம் பார்த்து டார்ச் வந்து சேர்ந்தார். தியேட்டரில் விளக்கடித்து சீட் காட்டியவர். பேரே டார்ச் ஆகிவிட்டது. அப்பாவைப் பார்த்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணி, ஒரு விஷயம் மனசுல கிடந்து உறுத்துது. சொல்லிடறேன். அந்தப் படம் ஞாபகம் இருக்கா? காதலா கடவுளான்னு அந்தப் பொண்ணு கிடந்து தவிக்குமே.”

“ம். கடைசியில ரெண்டு பேரும் மழையில ஒரே குடையில போவாங்க.”

“அதோட முடியலண்ணி! அப்புறம் ஒரு ரீல் இருக்கு. அதுல அவ அவனை விட்டுட்டு, சாமியே போதும்னு போயிடுவா. நீங்க படம் பார்க்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சதும் அண்ணன் அந்த ரீலை என் முக்காலிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டு, ஹால்ல லைட்டைப் போட்டுட்டார். உங்ககிட்ட கல்யாணப் பேச்சு எடுக்கப் போற நேரம். ‘இவளும் அவளை மாதிரி போயிட்டா நான் என்னடா பண்ணுவேன்’னார்.”

“ஜனங்க சும்மாவா விட்டாங்க?” என்றாள் மகள்.

“எங்க விட்டாங்க! பக்கத்து தியேட்டர்லேர்ந்து சைக்கிள்ல வர வேண்டிய கடைசி ரீல் பெட்டி வரலன்னு பொய் சொன்னேன். சட்டை கிழிஞ்சுதும்மா. என் சட்டை!”

பெரிய மாமாவே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“தெரியும்” என்றாள் அம்மா.

“என்ன தெரியும்?”

“மறுநாள் மேட்னிக்கு இவருக்குத் தெரியாமத் தனியாப் போய் முழுசாப் பார்த்தேன். அவ போறதையும் பார்த்தேன். நல்லா அழுதேன். சாயங்காலம் இவர் வந்து கேட்டார். சரின்னேன்.”

டார்ச் வாயைப் பிளந்தார். “அண்ணன்கிட்ட சொல்லவே இல்லியா?”

“எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருந்தார். டீவியில அந்தப் படம் வந்தா, குடை வந்ததும் ஓடி வந்து டீவியை அணைச்சுடுவார். நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி எழுந்து போயிடுவேன்.”

மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சாவு வீடாயிற்றே என்று அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மாவும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளுக்கு அவர் மேல் எவ்வளவு ஆசை என்று மகள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணா, புத்தகத்தை எடுங்க.”

மகள் திடுக்கிட்டாள். “அம்மா! வாக்கு?”

“அவருக்காக வேண்டாம். எனக்காக வாசிங்க. எனக்கு வாசிக்கக் கூடாதுன்னு நான் யாருக்கும் வாக்குக் குடுக்கலியே.”

“உயிரோட இருக்கிறவங்களுக்கு இதை வாசிக்கிற வழக்கமில்ல” என்றார் மாமா.

“இன்னிக்கு ஆரம்பிங்க. நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவரை அங்க யார் பேர் கேக்கப் போறாங்க?”

மாமா எதிர்த்துப் பேச வாயெடுத்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் தேடினார்.

அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டாள். மாமா வாசித்துக்கொண்டே போனார். பேர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார்.

அம்மா தன் பேரைச் சொன்னாள். கோத்த கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.