முழங்கைக்கு மேலே, முழங்கைக்குக் கீழே

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் அமைப்பு. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், கூட்டங்களில் சமோசா நன்றாக இருக்கும். அயலாரை வெறுப்பதற்கு எதிராக ஆப்பிரிக்க இளைஞர்கள் ஒன்றுசேர்வதைப் பற்றித் தொகுப்பு கொண்டுவருகிறார்கள். தொகுப்பாசிரியை தொலைபேசியில் சொன்னார்: "நம்பிக்கை தர்ற மாதிரி இருக்கணும் சார். கடைசியில எல்லாரும் கை கோக்கணும். முரசு இருந்தா இன்னும் நல்லது."

இருபத்து மூன்று வருடமாக இந்த ஊரில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். இளைஞர்கள் முரசு கொட்டி நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் மேசையைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சரி என்றேன். புகழ்ச்சி யாரை விட்டது?

2.

முதல் தொடக்கம்: "ஆப்பிரிக்கச் சூரியன் பொன்னொளி பரப்பி எழுந்த அந்த—"

அடித்துவிட்டேன். திருநெல்வேலியில் எழுவதும் இதே சூரியன்தான்.

இரண்டாவது: "எல்லைகள் என்பவை மனிதன் போட்ட வெறும் கோடுகள்." இதையும் அடித்தேன். கோடு போட்டவன் வாசலில் தடியோடு நிற்கும்போது இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், தெரியும்.

மூன்றாவது: "ருடெண்டோவின் குழந்தைக்கு ஐந்து வாரமாகியும் முதல் ஊசி போடவில்லை."

இது நிற்கட்டும். இதில் அலங்காரம் இல்லை, ஆனால் உண்மை.

3.

ருடெண்டோ ஜிம்பாப்வேக்காரி. டாக்சி நிறுத்தத்துக்கு எதிரே நீலக் கூடாரத்தில் முடி பின்னுகிறாள். பக்கத்து நாற்காலி ரெஃபீல்வேயுடையது. அவள் இங்கேயே பிறந்தவள், பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் தவறாமல் தோற்றவள். இப்போது இருபத்து நான்கு வயது.

எங்கள் பகுதியின் அரசு மருத்துவமனை வாசலில் இரண்டு மாதமாக ஒரு படை நிற்கிறது. சம்பளம் இல்லை, சீருடை இல்லை, அதிகாரம் மட்டும் அமோகம். இந்த நாட்டு அடையாளப் புத்தகம் காட்டினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. காவலாளி அந்த நேரம் பார்த்து வானத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார். அந்த வாசலுக்குப் பயந்து ருடெண்டோ தன் தகர அறையிலேயே பிள்ளை பெற்றாள். அதனால் குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசி இல்லை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்குக் காசநோய். இரவெல்லாம் இருமுகிறார்.

[தொகுப்பாசிரியை: "இருமல் வேணுமா சார்?" வேண்டாம்தான். இருமுகிறவரிடம் யார் சொல்வது?]

4.

புத்தகத்தை வீட்டில் மறந்து வந்தவர்களுக்கு வாசல்படை கருணையோடு ஒரு தேர்வு வைத்திருந்தது. சட்டைக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஊசித் தழும்பு தோளருகே இருந்தால் நம்மவர். முழங்கைக்குக் கீழே இருந்தால் எல்லை தாண்டி வந்தவர். இவ்வளவுதான் குடியுரிமைச் சட்டம். இந்த நிரூபணத்துக்கு நான் சுழியம்தான் போடுவேன். ஆனால் பலருடைய தழும்பு அப்படித்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

கூடாரத்தில் ரெஃபீல்வே சொன்னாள்: "வியாழக்கிழமை பிள்ளைங்களுக்கு ஊசி போடற நாள். போலாம் வாடி."

"என் கையைப் பாத்தாலே தெரிஞ்சுடும்."

"அப்ப பாக்க விடாத."

"உனக்கென்னடி, தழும்பு மேல இருக்கு. வாயும் நல்லா பேசும்."

ரெஃபீல்வேக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கையில் இருந்த பின்னலை முடித்தாள், வாடிக்கைக்காரியை அனுப்பினாள், எதிர்க்கடைக்குப் போய் பிளாஸ்திரி நான்கு பெட்டி வாங்கி வந்தாள்.*

* இதையெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள், வரிசையில் நிற்கும்போது. ஆமாம், நானும் வரிசையில் இருந்தேன். ரத்த அழுத்த மாத்திரைக்கு. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நைசாகக் கதைக்கு வெளியே நின்றுகொள்ளலாம் என்று பார்த்தேன்.

5.

வியாழன் காலை ஏழு மணி. வரிசை தெருமுனைவரை. ரெஃபீல்வேயும் அவள் திரட்டிய பதினோரு பேரும் வரிசை நெடுக வந்தார்கள். கைப்பேசி பழுதுபார்க்கும் கொங்கோக்காரன், கல்லூரிப் பெண்கள் இருவர், கால்பந்துச் சட்டை போட்ட ஒரு கும்பல். நிற்பவர்களுக்கெல்லாம் கையில் இரண்டு பிளாஸ்திரி: முழங்கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. புத்தகம் வைத்திருந்தவர்கள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். மாக்வின்யா என்னும் மாவுருண்டை பொரித்து விற்கும் அம்மாவும் கையை நீட்டினார். எண்ணெய்க் கை, ஒட்டவே இல்லை. துணியால் கட்டிவிட்டார்கள்.

புரட்சி என்றால் நெருப்பு, கொடி என்று நினைத்திருந்தேன். கடைச் சரக்கு பிளாஸ்திரி என்று யாரும் சொல்லவில்லை.

வாசல்படைத் தலைவன் லிண்டானி வந்து பார்த்துவிட்டு ரெஃபீல்வேயிடம் கேட்டான்: "என்னடி இது? எல்லாருக்கும் ஒரே நாள்ல அடிபட்டுச்சா?"

"ஆமாண்ணே. ஒரே அடிதான்."

"பிரி."

"நீ என்ன டாக்டரா?"

வரிசை சிரித்தது. லிண்டானிக்கு முகம் இறுகியது. "புத்தகம் எங்க?"

"வீட்ல."

"எந்த ஊரு நீ?"

"ஆப்பிரிக்கா. அதுக்குத் தழும்பு எங்க இருக்கணும்? தொட்டுக் காட்டு, பாப்போம்."

[இந்த வசனத்தை நானே எழுதியிருந்தால் வெட்டியிருப்பேன், மேடை வாடை அடிக்கிறது. அவள் சொன்னாள், என்ன செய்ய? ருடெண்டோ பின்னால் நின்று குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.]

"முதல்ல உன்னோடத காட்டுய்யா!" என்று கால்பந்துச் சட்டை ஒன்று கத்தியது.

6.

மூன்றாம் வரைவில் இந்த இடத்தில் லிண்டானியின் சட்டைக் கையை நான் தூக்கிவிட்டேன். தழும்பு முழங்கைக்குக் கீழே! அவன் தாய் மொசாம்பிக்காரி! அவன் அழுகிறான், முரசு முழங்குகிறது. தொகுப்பாசிரியை மகிழ்ந்திருப்பார்.

நடந்தது என்னவென்றால், லிண்டானி சட்டென்று கையைத் தூக்கிக் காட்டினான். தழும்பு தோளருகே, இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமாக இருந்தது. உண்மை இப்படித்தான் கதையின் காலை வாரிவிடும்.

"இப்ப என்ன?" என்றான்.

ரெஃபீல்வே பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை உரித்து நீட்டினாள். "நீயும் ஒட்டிக்கறியாண்ணே?"

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "எங்கம்மா இதே வரிசையில மூணு தடவை நின்னாங்க. மருந்து தீந்துடுச்சுன்னு மூணு தடவையும் திருப்பி அனுப்பினாங்க. செத்தும் போயிட்டாங்க. அப்ப எவ வந்து ஒட்டுனா?"

பிளாஸ்திரியை வாங்காமலே வாசலைச் சாத்தினான். "இன்னைக்கு ஒருத்தரும் உள்ள போக முடியாது."

வரிசை கலையும் என்று நினைத்தேன். கலையவில்லை. புத்தகம் இருந்தவர்கள்கூட நகரவில்லை. வெயில் ஏற ஏற ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு நின்றார்கள். கை கோக்கவில்லை, ஆளுக்கொரு பை இருந்தது.

அப்போதுதான் லிண்டானி என்னைப் பார்த்தான். "அங்கிள், நீங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க? நீங்க வாங்க."

கவனியுங்கள். அந்த வரிசையில் சிங்கமுத்திரை இந்தியக் கடவுச்சீட்டோடு, கண்டம் தாண்டி வந்து நின்ற சுத்தமான அந்நியன் நான் ஒருவன்தான். இருபத்து மூன்று வருடத்தில் என் சட்டைக் கையைத் தூக்கு என்று ஒரு பயல் சொன்னதில்லை. அவர்களுக்கு அந்நியன் என்றால் கறுப்பாக, பக்கத்து நாட்டிலிருந்து, ஏழையாக வர வேண்டும்.

எனக்கு மட்டும் இன்னும் ஒட்டவில்லை, ரெஃபீல்வே பிளாஸ்திரியை உரித்து வைத்திருந்தாள். "சார், கையை நீட்டுங்க."

லிண்டானி வாசலை ஓராள் நுழையும் அளவுக்குத் திறந்தான்.

முடிவு அ: நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். (இதை நான்கு முறை எழுதினேன். நன்றாகவே வந்தது.)

முடிவு ஆ: திரும்பி நின்று, "நானும் அந்நியன்தானப்பா" என்று உரக்க—

முடிவு இ: உள்ளே போனேன்.

அழுத்தம் நூற்று எழுபது இருந்தது. "ஏதாவது பதற்றமா?" என்று செவிலி கேட்டார். இல்லை என்றேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போதும் தின்கிறது.

7.

ஆகவே, முன்வாசலில் அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து பள்ளிக்கு நூலகத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். தொகுப்பாசிரியை முடிவு எங்கே என்று தினமும் நச்சரிக்கிறார்.

உங்களுக்கு ஒன்றும் தடையில்லை. டாக்சி நிறுத்தத்துக்கு எதிரே நீலக் கூடாரம், காலை எட்டுக்கே திறந்துவிடுவார்கள். போய்க் கேளுங்கள், பிள்ளைக்கு ஊசி போட்டார்களா என்று. அதுதான் முடிவு, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கச் சொன்னது நான் என்று மட்டும் ரெஃபீல்வேயிடம் சொல்லிவிடாதீர்கள்.