சுந்தரபாண்டியனுக்கு மட்டும் சர்வீஸ்

தங்கப்பாண்டிக்கு வாலிபால் தெரியாது. அது ஊருக்கே தெரியும். ஆனாலும் பொங்கலன்று கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் நடக்கும் ஆட்டத்தில் புது மாப்பிள்ளை இறங்கியே ஆக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கார்த்திகையில் தாலி கட்டியவனை இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினார்கள்.

எதிரணியில் ஸ்மாஷ் அடிப்பவன் சுந்தரபாண்டியன். காலி இடம் எவ்வளவோ கிடக்க, அவன் குறிபார்த்து அடித்தது தங்கப்பாண்டியின் மூஞ்சியில். மூக்கில் ரத்தம் கொட்டியது. "ஏலே, பொண்டாட்டி முந்தானைக்குள்ள போய் ஒளிஞ்சுக்க!" என்று அவன் கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் அந்த வீடியோ கோவில்பட்டி வரைக்கும் எல்லார் ஸ்டேட்டஸிலும் ஓடியது. தங்கப்பாண்டி வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் பெண்கள் அவனைக் கண்டதும் மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள்.

"அவன் மூஞ்சியில ஒரு ஸ்மாஷ் அடிக்காம விடமாட்டேன்" என்று தங்கப்பாண்டி மனைவி காவியாவிடம் சொன்னான். அவள் கயத்தாறுக்காரி. கல்லூரி அணியில் ஆடியவள். அன்று சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். அவனைவிட அவளுக்குத்தான் ஆத்திரம் அதிகம்.

"ஸ்மாஷ் உங்களுக்கு இப்ப வராது. சர்வீஸ் படிங்க. யாருக்குப் பந்து போகணும்னு அதுல நீங்கதான் முடிவு பண்ணுதீங்க. அவனுக்குக் குதிக்க மட்டுந்தான் தெரியும். கீழ வார பந்த எடுக்கத் தெரியாது. வலையத் தாண்டுனதும் அவன் முட்டிகிட்ட விழணும்."

உளுந்து எடுத்த காட்டில் வலைக்குப் பதிலாகக் கயிறு கட்டினாள். இடது காலை முன்னால் வை, இடது கையில் பந்தை ஏந்து, வலது கையைக் கீழிருந்து வீசு, பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே. முதலில் பந்தெல்லாம் வேலிக்கருவைக்குள் போனது. கோடையில் கரிசல் வெடிப்பில் பட்டுக் கோணல்மாணலாகத் துள்ளியது. மழைக்குப் பிறகு மண் அப்பிக் கனத்தது. மணிக்கட்டு வீங்கியது. காவியா கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சாக்கை விரித்து, "இதான் சுந்தரபாண்டியன்" என்றாள். அதன் பிறகு குறி படியத் தொடங்கியது.

அடுத்த பொங்கல் வந்தது. தங்கப்பாண்டியின் சர்வீஸ் வலையை ஒட்டி இறங்கி சுந்தரபாண்டியனின் முட்டிக்கு வந்தது. கையை நீட்டினான், பந்து கூட்டத்துக்குள் பறந்தது. அடுத்ததும் அவனுக்குத்தான். அது அவன் தாடையிலேயே பட்டது. கூட்டம் சிரித்தது. செல்போன்கள் உயர்ந்தன. உதவிக்கு வந்த கேப்டன் கருத்தையாவை, "தள்ளுலே, நான் எடுக்கேன்!" என்று பிடித்துத் தள்ளினான். அதையும் விட்டான்.

கடைசியில் கருத்தையாவே சொன்னான்: "ஏலே, நீ வெளிய உக்காரு. ஆட்டம் கையவிட்டுப் போகுது."

சுந்தரபாண்டியன் தலையைத் தொங்கப்போட்டபடி போய்க் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் கல்யாணமானவர்களுக்கு வெற்றி. "காலி இடத்துல போடு மாப்ளே!" என்று கெஞ்சினார்கள். தங்கப்பாண்டி காவியாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் பார்வை பெஞ்சின்மேல் இருந்தது.

இந்த முறை அவன் கீழிருந்து வீசவில்லை. பந்தைத் தூக்கிப் போட்டு, ஒரு வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்து ஓங்கி அறைந்தான். பந்து கோட்டைத் தாண்டிப் பெஞ்சுக்கே போனது. நடுவர் எதிரணிக்குப் பாயிண்ட் கொடுத்தார். பிறகு ஆட்டமும் போயிற்று. சொந்த அணிக்காரர்கள் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

அவன் காதில் ஒன்றும் விழவில்லை. சுந்தரபாண்டியனின் மூக்கில் ரத்தம் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தது.