எட்டு மணி ஃபோன்

எட்டு அடித்தது. முரியல் பொத்தானை அழுத்தினாள். லைன் பிஸி. மறுபடி அழுத்தினாள். பிஸி. எதிரே அவள் கணவன் வில்ஃப் ரொட்டியை இடது கடைவாயில் ஒதுக்கி மென்றுகொண்டிருந்தான். நாக்கின் வலப்பக்கம் புண்.

"விடுடி, இதுக்கு லாட்டரியே விழுந்திருக்கும்."

"வாயை மூடு. இல்ல, திறந்து காட்டு."

புண் பெரிதாகியிருந்தது.

இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் கட்டாயம் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஐந்து வாரமாகிறது. அன்றே வரவேற்பு மேசையில் தேதி கேட்டாள். கொடுக்கவில்லை. கேட்ட இரண்டு நாளுக்குள் நோயாளி டாக்டரைப் பார்த்தாக வேண்டும் என்பது மேலிடம் வைத்த இலக்கு. நல்ல இலக்குதான். அதை எட்ட அவர்கள் தெருவிலிருந்த மருத்துவமனை கண்டுபிடித்த வழி, இரண்டு நாளுக்கு அப்பால் யாருக்குமே தேதி கொடுக்காமல் இருப்பது. தினமும் எட்டு மணிக்கு ஃபோன் செய்யவேண்டும். எட்டரைக்குள் இருக்கிற இடமெல்லாம் தீர்ந்துவிடும். லைன் கிடைக்காதவர் கேட்டதாகவே பதிவாகாது. இப்படியும் ஒரு மூளை!

இரண்டு வாரத்தில் புண் ஆறாததால் ஃபோன் செய்யத் தொடங்கிய முரியலுக்கு, சனி ஞாயிறு நீங்கலாக, இது பதினைந்தாவது காலை. அன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் எட்டுக்கு இருவரும் மழைக்கோட்டோடு மருத்துவமனை மேசை முன்னால் நின்றார்கள்.

"நேர்ல கேட்டா குடுக்கக் கூடாது கண்ணு. ஃபோன்லதான்," என்றாள் மேசைக்காரி பிரெண்டா. பாவம், முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"அப்படியா?"

முரியல் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். இருபத்து மூன்றாவது முறை, பிரெண்டாவின் மேசையில் மணி அடித்தது.

"குட் மார்னிங் பிரெண்டா. எதிர்லதான் உக்காந்திருக்கேன். என் புருஷன் டாக்டரைப் பாக்கணும்."

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிரெண்டா சிரிக்கவில்லை. "ஒன்பதரைக்குப் போங்க," என்றாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ரெண்டு வாரம்னு சொன்னேனே. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

முரியல் கணினித் திரையை எட்டிப் பார்த்தாள். 'கேட்டது இன்று. பார்ப்பது இன்று. காத்திருந்த நாள்: பூஜ்யம்.'

"அந்தப் பூஜ்யத்தை அழிச்சிட்டுப் பதினஞ்சுன்னு போடுங்க டாக்டர்."

அவர் தட்டிப் பார்த்தார். கணினி கீச்சிட்டது.

"ரெண்டுக்கு மேல போட்டா இது வாங்காதும்மா."

"அப்ப காகிதத்துல எழுதுங்க. எழுதுற வரைக்கும் நாங்க எழுந்திரிக்கப் போறதில்ல."

டாக்டர் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகவேண்டிய அவசரக் கடிதத்தை எடுத்து, அதன் அடியில் பேனாவால் எழுதினார்: 'பதினாறு காலை கேட்டார்கள். பதினைந்து நாள் நாங்கள் ஃபோனை எடுக்கவில்லை.'