நகராத நாற்பத்தேழு

கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் எழிலுக்கு மரம் வேடம். நடக்கிற மரம். கதையை எழுதியவனும் அவன்தான். வெட்ட வெட்டப் பொறுத்துப் பார்த்த காடு ஒருநாள் வேரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து, நடந்தே போய் ராஜாவின் கோட்டையை மிதித்துத் தரைமட்டமாக்கும். கோட்டைக்கென்று முப்பது அட்டைப்பெட்டிகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தான்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது தமிழ்த்துறை சாமுவேல் சார் கூப்பிட்டு, கடைசிக் காட்சியை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றார். விழாச் செலவை ஏற்றிருப்பவர் சசிதர். கல்லூரிக்கு முன்னால் போகிற ரோட்டை அகலப்படுத்தும் காண்ட்ராக்டர். மரம் கோபப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லையாம். புது முடிவின்படி ரோட்டு இன்ஜினியர் வந்து கும்பிட்டுக் கேட்பார். மரங்கள் சந்தோஷமாக எழுந்து வரிசையில் ஏரிக்கரைக்கு நடந்து போய் நின்றுகொள்ளும். அப்புறம் சசிதரே மேடையேறி ரிப்பன் வெட்டுவார்.

"கோட்டைங்க சார்?"

"அதெல்லாம் வேண்டாம்டா. அட்டைப்பெட்டிய கேன்டீன்ல குடுத்துரு."

எழில் சரிங்க சார் என்று சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தான். கேட்டைத் தாண்டியதும் எதிரே புளியமரம் தெரிந்தது. அடிமரத்தில் வெள்ளைப் பெயின்டில் நாற்பத்தேழு என்று போட்டிருந்தது. அதன் கீழே அவன் அம்மா பழனியாத்தாள் கம்மங்கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அந்த நிழல்தான் அவர்களுடைய கடை. மற்றபடி கடை என்பது இரண்டு பானையும் ஒரு பெஞ்சும். விழாவுக்கு மறுநாள் காலை அந்த மரத்துக்குக் கிரேன் வருவதாக இருந்தது.

ரோட்டோரம் நின்ற முதல் நாற்பத்தாறு மரங்களும் ஏற்கெனவே போய்விட்டன. வெட்டவில்லை, இடம் மாற்றுகிறோம் என்றார்கள். கிளைகளை எல்லாம் கழித்து, வெட்டுவாயில் சாணி அப்பி, சாக்கைச் சுற்றி, லாரியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஏரிக்கரையில் போர்டு இருக்கிறது. இடம் மாறிய மரங்கள் 46, உயிருடன் இருப்பவை 46. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழில் போய் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தான். உள்ளே பச்சை தெரிந்தது மூன்றில். மற்றதெல்லாம் விறகு. போர்டு மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

இத்தனையிலும் அவனுக்கு அதிகக் கோபம் அம்மா மேல்தான். மரத்தை எடுக்க ஆட்சேபணை இல்லை என்று காண்ட்ராக்டரின் ஆள் நீட்டிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"எதுக்குங்கம்மா போட்டீங்க?"

"வெயில்ல வந்திருந்தாப்ல கண்ணு. உக்காந்து கூழு குடிச்சுபோட்டு, அம்மா அம்மான்னு தன்மையாக் கேட்டாப்ல. மூஞ்சிக்கு நேரா எப்படி முடியாதுங்கறது?"

பத்து வயதில் பண்ணையத்துக்கு வேலைக்குப் போனவள் அவள். அங்கே யார் எதைச் சொன்னாலும் சரிங்க என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பதிலுக்கு அங்கே வேலை இல்லை. இது தெரிந்துதான் அந்த ஆளும் அம்மா அம்மா என்று கூப்பிட்டிருப்பான் என்று எழிலுக்குத் தோன்றியது.

விழா மாலையில் மரங்கள் எல்லாம் பச்சைச் சட்டையும் காகித இலையுமாக வந்தன. எழில் மட்டும் கையிலும் தலையிலும் சாக்கைச் சுற்றி, அதன்மேல் அசல் சாணியை அப்பிக்கொண்டு, நெஞ்சில் நாற்பத்தேழு என்று எழுதி வந்தான். முன்வரிசை விருந்தினர்கள் கைக்குட்டை எடுத்தார்கள். கூழ்ப்பானையோடு வந்திருந்த பழனியாத்தாள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். சாப்பாட்டு ஸ்டாலில் கிராமிய உணவு என்று அவளுக்கும் ஓரிடம் கொடுத்திருந்தார்கள்.

இன்ஜினியர் வேடத்தில் ஹாரிகா ஹெல்மெட்டோடு வந்து கும்பிட்டாள். "மரங்களே, வளர்ச்சிக்கு வழிவிடுங்கள்." மற்ற ஒன்பது மரங்களும் சிரித்தபடி நடந்து போயின. எழில் நடுமேடையில் நின்றான். ஹாரிகா முகம் மாறாமல் வசனத்தை மறுபடி சொன்னாள். நகரமாட்டேன் என்று அவளிடம் அவன் முன்னாடியே சொல்லியிருந்தான். ரிப்பன் எழிலுக்குப் பின்னால் கட்டியிருந்தது. கத்தரிக்கோலோடு மேடையேறிய சசிதர் வேறு வழியில்லாமல் மைக்கை வாங்கினார்.

"ஏனுங்க தம்பி, கொஞ்சம் தள்ளிக்குங்க."

"நான் மரமுங்க. மரம் நடக்காதுங்க."

கூட்டம் சிரித்தது. சசிதரும் சிரித்தார். நாடகத்தில் நடக்குமல்லவா என்று கேட்டார்.

"நாடகத்துல நடக்குமுங்க. ஏரிக்கரையில ஒண்ணாம் நம்பர் செத்துப்போச்சுங்க. ரெண்டாம் நம்பர் செத்துப்போச்சுங்க. மூணாம் நம்பர் செத்துப்போச்சுங்க."

வகுப்பில் ஹாஜர் எடுக்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒன்பதாவது மரத்தில் மேடை மைக்குகளை எல்லாம் அணைத்தார்கள். அவன் மைக் இல்லாமலே பத்துக்குப் போனான். சாமுவேல் சார் திரையை இழுக்கச் சொல்லிக் கைகாட்டினார். திரை அன்றைக்குப் பார்த்துப் பாதியில் சிக்கிக்கொண்டது. சசிதரின் முகத்தில் சிரிப்பு இல்லை. எல்லாம் ஜனங்கள் சம்மதத்தோடுதான் நடக்கிறது, எதிரே கூழ்க்கடை அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று உரக்கச் சொன்னார்.

"அது நாந்தானுங்க."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. பழனியாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமப் போட்டுட்டனுங்க. எம்பட மரத்தைத் தொடோண்டாமுங்க. முடியாதுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். எழிலின் எண்ணிக்கை பதினாறில் நின்றது.

மறுநாள் காலை கிரேன் வந்தது. எழிலின் சட்டைப்பையில் பதினைந்து நாள் சஸ்பென்ஷன் கடிதம் இருந்தது. கல்லூரியின் பசுமைப் பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக. கிரேன்காரர் இறங்கி, வழக்கம்போல அம்மா ஒரு சொம்பு கூழ் என்றார். அவள் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்து, பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டார்.

"முடியாதுங்க" என்றாள். பெஞ்சை இன்னும் மரத்தோடு ஒட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எழிலும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கிரேன்காரர் போன் போட்டு, அந்தம்மா ஒத்துக்கலைங்க என்றார். மறுமுனையில் கத்தியது இவர்களுக்கே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆளைத் தூக்குற மெஷின் இல்லைங்க இது என்று சொல்லி வைத்தார். அரைமணி நேரம் கழித்து வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார்.

எழில் எழுந்து ஒரு ஆணியை எடுத்து, மரத்திலிருந்த நாற்பத்தேழைச் சுரண்டத் தொடங்கினான்.

"உடு கண்ணு, அது கெடக்கட்டும்" என்றாள் பழனியாத்தாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "பெஞ்சுல வந்து உக்காரு. திருப்பி வருவானுக."