இங்கே யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்

"ஒரு பால்காரன் இப்படிப் பேசுனா, கண்ணு, காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்னு ஊரே சொல்லும்," என்றாள் அவ்ரில், சிவப்புப் பென்சிலால் இரண்டு வரிகளை அடித்தபடி. எதிரே இருந்த கொரின் சிரித்தாள். அவ்ரிலின் செத்துப்போன தம்பி டெஸ்மண்டின் மனைவி அவள். அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு ஆசிரியை வேலைக்கு வந்து, யார்க்‌ஷயரிலேயே வாழ்க்கைப்பட்டவள். சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தாள். கதை பிடித்திருக்கிறது, ஆனால் மனிதர்கள் பேசுவதுதான் நம்பும்படி இல்லை என்று லண்டன் பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. திங்கட்கிழமைக்குள் சரிசெய்து கொடுத்தால் போடுவார்கள். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டாள்.

அவ்ரில் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் முப்பது வருடம் ரொட்டிக்கடையில் நின்றவளுக்கு ஊர் எப்படிப் பேசும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "'என் மனசு உடைஞ்சுபோச்சு'ன்னு இங்க எவனும் சொல்ல மாட்டான். பொண்டாட்டி ஓடிப்போனாலும், 'பரவால்ல, தள்ளிக்கிட்டிருக்கேன்'னுதான் சொல்லுவான். யாராவது 'நல்லா இருக்கேன்'னு சொன்னா, அன்னைக்குத்தான் டாக்டரைக் கூப்பிடணும்." கொரின் அதையும் குறித்துக்கொண்டாள். மழை தொடங்கியிருந்தது. பகல் இரண்டு மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

ஆஸ்பத்திரி அறை. படுக்கையில் ஒரு சுரங்கத் தொழிலாளி. பக்கத்தில் மண்டியிட்டு அவனுடைய அக்கா அழுகிறாள். என்னை மன்னித்துவிடு, அந்த வருடங்களை நாம் வீணாக்கிவிட்டோம், உன்னை நேசிக்காத நாளே இல்லை என்கிறாள். இரண்டு பக்கம் பேசுகிறாள்.

அவ்ரில் அந்த வரிகளை இரண்டாம் முறை படித்தாள். எண்பத்தைந்து பிப்ரவரியில், அடுப்பெரிக்க வீட்டுக் கதவுகளைக்கூட உடைத்துத் தீர்த்த பிறகு, தம்பி டெஸ் சுரங்க வேலைக்குத் திரும்பினான். போராட்டம் முடிய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ஜன்னல்களில் கம்பிவலை அடித்த பேருந்தில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். சாலையோரம் நின்ற பெண்களோடு அவளும் நின்றாள். "கருங்காலி!" என்று மற்றவர்களைவிட உரக்கக் கத்தினாள். வலைக்குப் பின்னாலிருந்து அவன் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் அவள் அவனோடு பேசவில்லை. அவன் சாகக் கிடந்தபோது ஒரே ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"இது அப்படியே இருக்கட்டும்," என்றாள், பக்கத்தைப் புரட்டி.

கொரின் அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்தாள். "சரியா இருக்கா?"

"உன் கதை. உன் இஷ்டம்."

"மத்த எல்லாத்தையும் அடிச்சீங்களே. இத மட்டும் ஏன் விட்டீங்க?"

அவ்ரில் அடுத்த பக்கத்தைத் தேடினாள். கொரினின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"டெஸ்தான் சொன்னாரு. அக்கா வந்தா, ரொம்ப நேரம் பேசினோம், எல்லாம் சரியாப்போச்சுன்னு. என்ன பேசினீங்கன்னு கேட்டேன், சிரிச்சாரு. அதனால நானா எழுதினேன். இந்தப் புத்தகத்துல நான் நம்பினது இந்த ஒரு இடத்தத்தான், அவ்ரில். என்ன பேசினீங்க?"

"அவன் தூங்கிக்கிட்டிருந்தான்."

"என்னது?"

"பத்து நிமிஷம் நின்னேன். போர்வைய இழுத்துவிட்டேன். வந்துட்டேன். ஒரு வார்த்தை பேசல." பென்சிலை மேசைமேல் வைத்தாள். "நர்ஸ் வந்து, நீங்க சொந்தமான்னு கேட்டா. பக்கத்துத் தெருக்காரன் மக அவ. அவங்கப்பன் கடைசிநாள் வரைக்கும் போராட்டத்துல நின்னவன். பக்கத்து வீடுன்னு சொல்லிட்டேன்."

 கொரின் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "அன்னைக்குச் சாயங்காலம் நான் போனப்ப அந்த நர்ஸ்தான் இருந்தா. பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க வந்தாங்கன்னு சொன்னா. இல்ல, அது எங்கக்கான்னு டெஸ் சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே விளங்கியதுபோல் இருந்தது. அவ்ரிலுக்கும் விளங்கியது: அவன் தூங்கவில்லை. தூங்குகிறவன் என்று நினைத்து அந்த மெலிந்த முகத்தைப் பத்து நிமிடம் பார்த்தபடி நின்றிருந்தாள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அங்கே அவள் பேசியதோ ஒரே ஒரு வாக்கியம்.

"ஊர் காதுல விழுந்துடக் கூடாதுன்னு, சொந்தத் தம்பிய..." என்று கொரின் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. எழுந்து மேலங்கியைக்கூட எடுக்காமல் வெளியே போனாள். கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவ்ரில் கொரினின் மேலங்கியை எடுத்து நாற்காலியில் மாட்டினாள். பிறகு பென்சிலை எடுத்து, அக்கா பேசிய இரண்டு பக்கங்களையும் மூலைக்கு மூலை அடித்தாள். ஓரத்தில் ரொட்டிக்கடைச் சீட்டில் எழுதிப் பழகிய கையெழுத்தில் எழுதினாள்:

"நீங்க சொந்தமா?"

"இல்ல. பக்கத்து வீடு."

அதற்குக் கீழே தம்பியின் பெயரை எழுதினாள். அவன் என்ன சொல்வான் என்று யோசித்தாள். ஒன்றும் வரவில்லை.

நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். கார் இன்னும் வாசலிலேயே நின்றது. கொரினின் தலை ஸ்டியரிங்மேல் கவிழ்ந்திருக்க, கண்ணாடியின் மேல் வைப்பர்கள் இரண்டும் போய்ப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தன.