வெளிப்பக்கத்துப் பூட்டு

தேர்தல் முடிந்து இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் தெருவில் மூன்று கடைகள் எரிந்தன. அதில் சைக்கிள் கடைக்குள் மட்டும் ஆள் இருந்தார். அவருடைய மனைவிதான் எங்கள் தையல் கூடத்தில் காஜா எடுப்பவள். எல்லோருக்கும் காஜாக்கா. எனக்கு இளையவள், அதனால் நான் மட்டும் 'ஏ காஜா' என்பேன்.

கூடத்துக்கு நான் பொறுப்பு. பன்னிரண்டு மிஷின், இந்தக் கட்சி வீட்டுப் பெண்கள் ஆறு பேர், அந்தக் கட்சி வீட்டுப் பெண்கள் ஆறு பேர். ஒரு பக்கத்துக்காரி கை தைத்தால் மறு பக்கத்துக்காரி காலர் வைக்க வேண்டும். கலவரத்துக்குப் பிறகு மிஷின் வாங்கிக் கொடுத்த அமைப்பின் ஏற்பாடு அது. முதல் மாதம் கைக்கும் காலருக்கும் ஜென்மப் பகை. "உங்க தலைவர் புத்தி மாதிரியே கோணலா தைச்சிருக்கியே!" என்று ஒருத்தி கேட்க, கத்தரிக்கோலைப் பிடுங்கி வைக்க வேண்டியதாயிற்று. இப்போது ஊசி உடைந்தால் பக்கத்து மிஷினில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சமாதானம் என்றால் எனக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் இரண்டு பக்கத்துப் பையன்களும் அதே கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். இதுவும் அந்த அமைப்பின் வேலைதான். பேசிப் பேசி, சேர்ந்து பந்து விளையாடுவது என்று முடிவாயிற்று. சட்டை தைப்பது எங்கள் பொறுப்பு. நிறத்தில் வந்தது வினை. சிவப்பு என்றால் ஒருவன் எழுந்தான், பச்சை என்றால் இன்னொருவன் எழுந்தான். "பழுப்புல தைச்சுடறேன். யார் கட்சியும் இல்ல, துவைக்கிற வேலையும் மிச்சம்" என்றேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அளவெடுக்கிற அன்று வெல்டிங்காரனும் வந்து நின்றான். இருபத்திரண்டு வயது. சைக்கிள் கடையை வெளியே பூட்டி ஆளோடு கொளுத்தினான் என்று அவன்மேல் கொலை வழக்கு. ஜாமீனில் இருந்தான். மறு வாரம் விசாரணை, முக்கிய சாட்சி காஜா. அவளை ஸ்டேஷனுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவளே நான்தான். "பூட்டினது யாரும்மா?" என்று அதிகாரி கேட்டபோது, குனிந்த தலை நிமிராமல் "அவங்கதான்" என்றாள். பயப்படுகிறாள் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"சாட்சி இருக்கிற இடத்துக்கு வர என்ன நெஞ்சழுத்தம்டா உனக்கு!" என்று கத்தினேன்.

"கூட்டாளிங்க வரச் சொன்னாங்கக்கா. போயிடறேன்."

"இருக்கட்டும்" என்றாள் காஜா. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மிஷின்கள் நின்றுவிட்டன. அவள் தோள், மார்பு என்று எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கையை நீட்டு" என்றாள். நீட்டினான். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து சுருங்கியிருந்தது. அவள் டேப்பை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெட்ரோல் ஊத்தறப்ப பட்டதுதானே?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

"கூட்டத்தோட வந்தேன்க்கா. அதை இல்லேன்னு சொல்லல. வெளியே பூட்டியிருந்துச்சு, உள்ளே ஆள் இல்லேன்னு நெனச்சோம். அப்புறம் சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் ஓடிட்டாங்க. நான் கம்பியால அடிச்சு அடிச்சுப் பார்த்தேன். பூட்டு உடையல."

"கதை அளக்காதே. நீங்க பூட்டலேன்னா வேற யாரு, பூதமா வந்து பூட்டுச்சு?"

"நான்" என்றாள் காஜா.

கலவரம் என்றால் எங்கள் தெருக் கடைக்காரர்கள் செய்கிற வேலை அது, எனக்குத்தான் தோன்றவில்லை. சாமானுக்குக் காவலாக ஓர் ஆள் உள்ளே இருப்பார், வீட்டு ஆள் வெளியே பூட்டிவிட்டுப் போவார். பூட்டைப் பார்த்து, ஆளில்லை என்று கூட்டம் கடந்துபோகும் என்ற நம்பிக்கை. அன்று புருஷன் சொன்னபடி பூட்டிவிட்டு இவள் பிள்ளைகளிடம் போயிருக்கிறாள். சாவியோடு திரும்பி ஓடி வந்தபோது தெருமுனையில் நின்றவர்கள் அவளைத் தாண்ட விடவில்லை.

"இத்தனை நாளா ஏண்டி சொல்லல?"

"பிள்ளைங்க கேட்டா என்னக்கா சொல்லுவேன்? மாமியார் முகத்துல எப்படி முழிப்பேன்?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் கூட்டத்தோடு வராமல் இருந்திருந்தால் பூட்டே வேண்டியிருக்காது. ஆனால் செய்ததற்கு உள்ளே போவது வேறு, செய்யாததற்குப் போவது வேறு. இது தெரியாமல் சாட்சியைத் தட்டிக்கொடுத்த என் கையை என்ன செய்வது? "நீ வாயைத் திறக்காதே, அவன் யோக்கியனா என்ன?" என்று அவள் பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். அவன் பக்கத்துப் பெண்கள் குனிந்து ஊசியில் நூல் கோத்தார்கள்.

"முடிவு உன்னுது. போறதா இருந்தா நான் கூட வரேன்" என்றேன்.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் நின்றாள். மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள்.

"வீட்டுல ஒருவாட்டி, இங்கே ஒருவாட்டின்னு சொல்ல என்னால ஆகாதுக்கா" என்றாள்.

அதிகாரி பழைய வாக்குமூலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இப்ப என்னத்தை மாத்தணும்?" என்றார். மாமியார் ஒன்றும் புரியாமல் பெஞ்சில் உட்கார்ந்து மருமகளைப் பார்த்தார்.

"பூட்டினது நான்தான் சார். ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனேன்."